மண்ணைச் சோதித்தோம், மனிதரைக் கேட்டோமா?

போத்தனூர் ஜங்ஷனைத் தாண்டிச் செட்டிபாளையம் போகும் சாலையில், சற்று உள்ளே தள்ளி ஒரு தோட்டம். மூன்று ஏக்கர் தென்னை, வரப்போரம் தீவனச் சோளம், இரண்டு கறவை மாடுகள். தோட்டக்காரருக்கு வயது 56. மண் வள அட்டையைச் சாளையின் விட்டத்தில் பத்திரமாகச் செருகி வைத்திருக்கிறார். கேட்டதும் எடுத்துக் காட்டினார்.

"தழைச்சத்து கம்மிங்க. சுண்ணாம்பு சாஸ்திங்க. இதப் பாத்துத்தான் ஒரம் வெக்கறனுங்க. கண்ண மூடிட்டு மூட்டையக் கொட்டற காலமெல்லாம் போச்சுங்க" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் வந்தார். அந்தப் பக்கத்துப் பெண்தான். கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. கேட்டு எழுத ஒரு படிவம்.

"பெரியப்பா, ரத்தக் கொதிப்பு இருக்குதுன்னு டாக்டர் யாராச்சும் எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா?"

"மம்முட்டி புடிக்கறவனுக்கு எங்க அம்மிணி கொதிப்பு வரும்? அதெல்லாம் டவுன்ல உக்காந்து சாப்படறவங்களுக்குங்க."

"சாப்பாட்டுல உப்பு எப்படிங்க பெரியப்பா?"

"அளவாத்தாங்க."

உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது: "அளவாமா அளவு! மோர் மொளகாயும் ஊறுகாயும் இல்லாம ஒரு வாய் எறங்குமா அவருக்கு? இதயும் எழுதிக்க கண்ணு."

எல்லோரும் சிரித்தோம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லி, அந்தப் பெண் கருவியைக் கையில் கட்டினார். 168/102. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார். ஏறக்குறைய அதே அளவு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து டாக்டரைப் பார்க்கும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல. ஒண்ணுமே தெரியலீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் தோட்டக்காரர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துத் தோட்டத்துப் பங்காளியும் இப்பிடித்தானுங்க சொல்லிட்டிருந்தாரு. போன வருசம் பால் கறக்கையில கை வழங்காமப் போயி விழுந்துட்டாரு. இப்ப மாட்டை வித்தாச்சு, தோப்பைக் குத்தகைக்கு உட்டாச்சு."

மண்ணின் குணத்தைக் கேட்டறிந்து உரம் வைக்கிற இவர், தம் உடம்பைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை என்கிறார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தெரிவது, நினைப்பது, செய்வது

வீடு தேடி வந்து உப்பு, புகையிலை, நடை, தூக்கம், மருந்து என்று யாராவது கேட்டால், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று நமக்குத் தோன்றுகிறது. அவை வெட்டிக் கேள்விகள் அல்ல. சுகாதாரத் துறையினரும் மருத்துவக் கல்லூரியினரும் இப்படிக் கேட்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கிறார்கள். மக்களுக்கு என்ன தெரியும்? அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? கடைசியில் என்ன செய்கிறார்கள்?

மூன்றும் ஒன்றுதானே என்று கேட்கலாம். பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டால் அப்படி இல்லை என்பது விளங்கும்.

மருந்து டப்பாவின் மேல் ஒரு வர்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சுதான். வீரியம் குறைவு, அவ்வளவே. இந்த வர்ணங்களின் பொருளை அறிந்திருப்பது அறிவு.

"முப்பது வருசமா அடிக்கறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பது எண்ணம்.

கையுறை போட்டு, மூக்கைத் துணியால் மறைத்து, காற்று வீசும் திசையிலேயே நகர்ந்து, வேலை முடிந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிடுவது செயல்.

முக்கோணத்தின் பொருள் நன்றாகத் தெரிந்தவர்களே வெறுங்கையால் மருந்து கலக்குவதை நாம் பார்க்கிறோம். இவர்களிடம் போய் முக்கோணத்தை மறுபடி விளக்கிப் பயன் என்ன? தெரிந்ததையே சொன்ன மாதிரி ஆகும். "ஏன் கையுறை போடவில்லை?" என்று கேட்டால், "வேர்க்குது, கை வழுக்குது, கடையில நல்லது கெடைக்கறதில்ல" என்று பதில் வரும். அப்படியானால் அங்கே தேவைப்படுவது பிரசங்கம் அல்ல. வெயிலுக்கு முன் காலையில் தெளிக்கும் பழக்கமும், மருந்து விற்கும் கடையிலேயே நல்ல கையுறையும்தான் தேவை.

நோய் எங்கே என்று பார்த்து மருந்து அடிக்கிறோம். அறியாமையா, தவறான எண்ணமா, வசதிக் குறைவா என்று பார்த்துத்தான் சுகாதாரப் பிரசாரமும் நடக்க வேண்டும். கேட்காமல் அது தெரியாது.

எண்ணம் என்பதில் பயமும் பக்தியும் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கோவையைப் பிளேக் நோய் பலமுறை தாக்கியது. அதன் நினைவாக இன்றும் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்து வழிபட்டார்கள். இதைக் கேலி செய்கிறவர் மக்களிடம் எதையும் சொல்லிக் கேட்க வைக்க முடியாது. என்ன பயம், எதில் நம்பிக்கை என்று விசாரித்து அறிந்தவரின் சொல்தான் ஏறும்.

மண் மாதிரி எடுப்பது போல

"ஊரில் இத்தனை வீடு இருக்க, என் வீட்டை மட்டும் ஏன் பொறுக்கினார்கள்?" என்பது அடுத்த சந்தேகம்.

மண் மாதிரி எடுத்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு வயலின் மண் முழுவதையும் பரிசோதனைக் கூடத்துக்கு யாரும் கொண்டு போவதில்லை. வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, ஓரமாகச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால் பங்கு கால் பங்காகக் கழித்து, கடைசியில் அரைக் கிலோ அனுப்புகிறோம். வரப்போரம், எருக்குழி அருகு, மரநிழல் இங்கெல்லாம் எடுக்கக் கூடாது. எடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

ஜனங்களைக் கேட்பதிலும் அதே முறைதான். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருக்கும் பத்துப் பேரைக் கேட்டுவிட்டுப் போனால், அது வரப்போர மண்ணை அள்ளியது போல ஆகும். வீட்டிலேயே இருக்கும் பெண்களின் பதில் வராது. விடியுமுன் மில்லுக்குப் போகிறவர் பதில் வராது. ஊர்க்கோடிக் குடியிருப்பின் பதில் வராது. அதனால்தான் வீடுகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அந்த வீட்டிலும் இன்னாரைத்தான் கேட்க வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். "அவர் இல்லை, நான் சொல்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாமல் மறுநாள் வருவதும் இதனாலேதான். நம் வீட்டுப் பதில் நமக்கு மட்டும் உரியதல்ல. நம்மைப் போன்ற பல நூறு வீடுகளுக்காக நாம் சொல்லும் பதில் அது.

சென்னையில் கேட்டபோது

இப்படிக் கேட்டதால் என்ன தெரிய வந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சாட்சி உண்டு.

சென்னையில் சர்க்கரை வியாதி ஆராய்ச்சியாளர்கள் 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைக் கேட்டார்கள். முடிவு 2005-ல் வெளியாயிற்று. நீரிழிவு என்று ஒரு வியாதி இருப்பதே ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தெரியவில்லை. அதை வராமல் தடுக்க முடியும் என்று நினைத்தவர்கள் 100-க்கு 22 பேர்தான். உடல் பருமனும் உழைப்பில்லாத வாழ்வும் அந்த வியாதிக்குக் காரணம் என்று சொன்னவர்கள் 100-க்கு 12 பேர். ஆஸ்பத்திரிகள் நிறைந்த சென்னைப் பட்டணத்தின் நிலை இது.

கவனித்துப் பாருங்கள். வியாதியின் பெயர் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருந்தது. தடுக்கலாம் என்ற நம்பிக்கைதான் இல்லை. இந்த நிலையில் "சர்க்கரை வியாதி கொடியது" என்று சுவரில் எழுதி வைத்தால் பயம் பெருகுமே ஒழிய வழி பிறக்காது. "தடுக்க முடியும், இப்படித் தடுக்கலாம்" என்று சொல்ல வேண்டும். கேட்டதால்தான் அது புரிந்தது.

நூற்றுக்கு ஏழு பேர்

அடுத்தது தமிழ்நாடு முழுவதும் நடந்த ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஸ்டெப்ஸ்' என்ற முறையில் 2020-ல் நடந்தது. இதில் மூன்று படிகள். முதலில் கேள்விகள், அடுத்து எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், மூன்றாவதாக ரத்தப் பரிசோதனை. வாயால் சொன்னதையும் உடம்பு காட்டியதையும் சேர்த்தே பார்த்தார்கள்.

பெரியவர்களில் 100-க்கு 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. மூன்றில் ஒருவர். அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருந்தது தெரியுமா? 100-க்கு 7 பேருக்குத்தான். சர்க்கரை வியாதிக்காரர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100-க்கு 11 பேர்.

மற்றவர்கள் எங்கே தவறினார்கள்? சிலருக்கு வியாதி இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், மாத்திரை சாப்பிடுவதில்லை. சிலர் சாப்பிடுகிறார்கள், ஒரு மாதம் உண்டு ஒரு மாதம் இல்லை. "நல்லாயிருக்கும்போது எதுக்கு மாத்திரை?" என்பது ஒரு காரணம். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க முடியாது என்பது இன்னொரு காரணம். தினக்கூலிக்குப் போகிறவருக்கும், பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டியவருக்கும் இரண்டாவது காரணம் பெரியது.

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களைப் பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களாக வீடு வீடாக அனுப்பினார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்த்து, மாத்திரையையும் வீட்டிலேயே கொடுப்பது ஏற்பாடு. வரிசையில் நிற்க முடியாதவருக்கு இதுவே பொருத்தமான பதில்.

2023-24-ல் மறுபடி அதே முறையில் ஆய்வு நடத்தினார்கள். ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100-க்கு 7-லிருந்து 17 ஆக உயர்ந்திருந்தார்கள். சர்க்கரையில் 11-லிருந்து 17. முன்னேற்றம்தான். ஆனால் 83 பேர் இன்னும் பாக்கி. போத்தனூர்த் தோட்டக்காரர் அந்த 83-ல் ஒருவர்.

விதைக்கு முன் ஒரு மண் பரிசோதனை, அறுவடைக்குப் பின் ஒரு மண் பரிசோதனை என்பது போல, முன்னும் பின்னும் கேட்டால்தான் போட்ட உரம் பிடித்ததா என்று தெரியும்.

உப்பு சொல்லும் உண்மை

"அளவாத்தான் சாப்பிடறேன்" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. அளவு நமக்கே தெரியாது. ஆகையால் நாடு தழுவிய ஓர் ஆய்வில் சிறுநீரைப் பரிசோதித்து, உள்ளே போன உப்பைக் கணக்கிட்டார்கள். சராசரியாக ஒரு பெரியவர் நாளொன்றுக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். சோறு, குழம்பு, ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், மிக்ஸர் எல்லாம் சேர்த்து அந்த ஒரு ஸ்பூன்.

"எங்கப்பாரு இதவிட உப்பாத் தின்னாரு, தொண்ணூறு வயசு இருந்தாரு" என்று சொல்பவர்கள் உண்டு. அப்பாரு கவலை இறைத்தவர். மாட்டை ஓட்டிக்கொண்டு நாள் முழுக்க வாரியில் ஏறி இறங்கியவர். வேர்வையில் உப்பு போயிற்று. இன்று மோட்டார் ஸ்விட்சைத் தட்டினால் சொட்டு நீர் ஓடுகிறது. தோட்டத்துக்குள்ளேயே மொபெட் போகிறது. உழைப்பு குறைந்தது, உப்பு குறையவில்லை. 'காட்டு வேலை செய்கிறவனுக்கு வியாதி வராது' என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பிறந்தது. காலம் போய்விட்டது, எண்ணம் மட்டும் நிற்கிறது.

வெண்ணெய் விற்ற நாட்டில்

இந்த விஷயத்தில் நம்மைப் போன்ற குடியானவர்களின் அனுபவம் ஒன்று பின்லாந்து நாட்டில் உண்டு. அங்கே வட கரேலியா என்பது கறவை மாடும் காடுமாக உள்ள பகுதி. 1960-களில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் சாவது மிக அதிகமாக இருந்தது. ஜனங்களே 1971-ல் சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். 1972-ல் வேலை தொடங்கியது. முதல் வேலையே சர்வே.

வெண்ணெய் தடவாமல் ரொட்டி தின்பவர் அங்கே அநேகமாக இல்லை. ஆண்களில் பாதிப் பேர் புகை பிடித்தார்கள். வெண்ணெயைக் குறையுங்கள் என்றால் பால் மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்? எதிர்ப்பு வரத்தான் செய்தது. தடை போடுவதை விட்டுவிட்டு, மாதர் சங்கங்களைக் கூட்டிச் சமையல் முறையை மாற்றிக் காட்டினார்கள். 1980-களில், அந்தக் குளிரிலும் விளையும் பெர்ரி என்ற சிறு பழங்களைப் பயிரிட்டு விற்க விவசாயிகளுக்கு வழி செய்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு தடவை மறுபடி மறுபடி கேட்டு, எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தார்கள். நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள் இதய வியாதியால் சாவது 100-க்கு 80-க்கு மேல் குறைந்துபோயிற்று.

சாப்பாட்டை மாற்றச் சொல்வதற்கு முன் பிழைப்பையும் கேட்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

பக்கத்திலுள்ள வங்காள தேசத்தில் வேறொரு பாடம். 1980-ல் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் பேதிக்கு வீட்டு மருந்து சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டது. அளந்த தண்ணீரில் மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது. பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைச் செய்ய வைத்தே கற்றுக் கொடுத்தார்கள். பத்தாண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளை எட்டினார்கள்.

தொடக்கத்தில் போய்க் கேட்டபோது ஓர் அதிசயம் தெரிந்தது. தாய்மார் அளவைச் சரியாகச் சொன்னார்கள். பேதி வந்தபோது அதைக் கொடுத்தவர்களோ மிகச் சிலர். ஏன் என்று விசாரித்தார்கள். கற்றுக் கொடுத்த ஊழியர்களிலேயே பலர் தங்களுக்குப் பேதி வந்தால் அதைக் குடிப்பதில்லை, மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள் என்பது வெளியாயிற்று! வீட்டு ஆண்களுக்கோ யாருமே எதையும் சொல்லவில்லை. "இது என்ன மருந்து?" என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். பிறகு ஊழியர்களுக்கு நம்பிக்கை வரும்படி விளக்கினார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களையும் கூட்டிச் சொன்னார்கள். பழக்கம் பரவியது.

சொல்கிறவர் தாமே நம்ப வேண்டும். வீட்டில் முடிவெடுப்பவர் காதிலும் விழ வேண்டும். நம் ஊரிலும் வீட்டம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதாது.

கேட்க வரும்போது நாம் செய்ய வேண்டியது

1. உண்மையைச் சொல்லுங்கள். பீடி, புகையிலை, குடி, நிறுத்திவிட்ட மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். 'நல்ல பதில்' சொல்லி அனுப்பினால், நம் ஊருக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு வர வேண்டியது வராது.

2. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இது பரீட்சை அல்ல. 'தெரியாது' என்பதும் அவர்களுக்குத் தேவையான பதிலே.

3. வீட்டுப் பெண்களைத் தனியாகப் பேச விடுங்கள். ஆண்கள் பக்கத்தில் நின்றால் பல பதில் தொண்டையிலேயே நின்றுவிடும்.

4. வந்தவர் யார், எந்த அலுவலகம் என்று கேளுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். எதற்காகக் கேட்கிறார்கள், பெயர் வெளியே போகுமா என்றும் கேளுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பேங்க் கணக்கு எண்ணையோ, போனில் வரும் ரகசிய எண்ணையோ கேட்டால் அது சுகாதார சர்வே அல்ல.

5. முடிவைக் கேளுங்கள். சுற்றுவட்டப் பஞ்சாயத்துகளில் கிராம சபை கூடும்போது, "எங்கள் ஊரில் என்ன தெரிந்தது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று எழுந்து கேட்கலாம். போத்தனூர் போல மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடமும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம்.

வீட்டிலேயே ஒரு சர்வே

யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் நோட்டில் எழுதட்டும்.

1. ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அளவு என்ன? (140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தொந்தரவு ஒன்றும் தெரியாமலே இருக்கும்.)

2. சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாயிற்று? (முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இரண்டையும் பார்ப்பது நல்லது.)

3. மாத்திரை சாப்பிடுகிறவரானால், போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று? ஏன்?

4. இந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ உப்பு வாங்குகிறோம்? எத்தனை பேர் சாப்பிடுகிறோம்? (ஒருவருக்கு மாதம் 150 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மாட்டுக்கும் ஊறுகாய்க்கும் எடுப்பதைத் தனியாக எழுதுங்கள். ஊறுகாயில் போவதும் நம் வயிற்றுக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.)

5. பீடி, சிகரெட், வெற்றிலையுடன் புகையிலை உண்டா? விட்டுவிட எப்போதாவது முயன்றதுண்டா? என்ன தடுத்தது?

6. மூச்சு வாங்கும்படி நடந்தது அல்லது வேலை செய்தது வாரத்தில் எவ்வளவு நேரம்? (மொத்தம் 150 நிமிடமாவது வேண்டும். மொபெட்டில் தோட்டத்தைச் சுற்றுவது கணக்கில் சேராது.)

7. பூச்சிமருந்து கலக்கும்போது கையுறை போட்டீர்களா? காலி டப்பா எங்கே போயிற்று? சமையல்கட்டில் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

8. வீட்டுப் பெண்கள் ரத்தசோகைக்குப் பரிசோதித்துக்கொண்டார்களா? (2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது.)

9. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை திடீரென்று வழங்காமல் போனால், பேச்சு குழறினால் என்ன செய்ய வேண்டும்? (அது பக்கவாதம். எண்ணெய் தேய்த்துக்கொண்டும், மந்திரித்துக்கொண்டும் நேரத்தைக் கடத்தக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.)

10. மேலே கண்டவற்றில் தெரிந்தும் செய்யாதது எது?

பத்தாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு வரும் பதிலை நோட்டில் பெரிதாக எழுதி, ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். மாற்றம் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் வீட்டில் யாரையும் திட்ட வேண்டாம். ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். மாத்திரை தீர்ந்து வாங்கப் போக முடியவில்லை என்றால், தன்னார்வலரிடம் சொல்லி வீட்டுக்கே வரவழைக்கலாம். உப்பு குறைந்தால் சோறு இறங்கவில்லை என்றால், எலுமிச்சை, சீரகம், கொத்துமல்லி சேர்த்து ருசி கூட்டலாம். ஊறுகாயைத் தினம் என்பதை வாரம் இரண்டு நாள் என்று ஆக்கலாம். காரணம் தெரிந்தால் வழி உண்டு.

பத்து நாள் கழித்து மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். தோட்டக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்திருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

"ஊறுகாயை இன்னும் விடலீங்க. பாதி கொறச்சிருக்கறனுங்க" என்றார். அன்றைக்குப் போல 'அளவாத்தான்' என்று சொல்லவில்லை.

விட்டத்தைப் பார்த்தோம். மண் வள அட்டைக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டும் செருகியிருந்தது.